சூரியனுக்கு எதிரே நின்று ஒரு துறைமுகத்தைப் பார்ப்பது: க்ளோட் லொரேனின் சேபா அரசி ஓவியம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

லண்டன் நேஷனல் கேலரியில் ஒரு துறைமுக ஓவியம் இருக்கிறது. 1648இல் ரோமில் க்ளோட் லொரேன் வரைந்தது. சேபா நாட்டு அரசி, சாலொமோன் ராஜாவைக் காணக் கப்பலேறும் காட்சி. பழைய ஐரோப்பியத் துறைமுக ஓவியங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஓவியம் எனக்குத் தெரியாது. இந்த ஒன்றைப் பொறுமையாகப் பார்த்துவிட்டால் அந்த வகை ஓவியங்களில் பாதி பிடிபட்டுவிடும். முதல்முறை பார்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

ஓவியத்தில் என்னதான் இருக்கிறது?

ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம், இரண்டு மீட்டர் அகலம். கித்தானில் எண்ணெய் வண்ணம். இடது ஓரத்தில் வானளாவிய பழைய தூண்கள், நிழலில் கறுத்து நிற்கின்றன. வலப்பக்கம் ஓர் அரண்மனை. அதன் வாசலிலிருந்து நீர்வரை இறங்கும் படிக்கட்டு. அந்தப் படிகளில் ஒரு சிறு கூட்டம். நடுவில் இளஞ்சிவப்பு உடையும் நீல மேலாடையும் பொன் கிரீடமும் அணிந்த ஒரு பெண். அவள்தான் அரசி. கீழே ஒரு படகு காத்திருக்கிறது, அவளைத் தொலைவில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோக. முன்னால் சில ஆட்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் நடுவே திறந்த கடல். அடிவானத்துக்குச் சற்று மேலே, நேராக நம் முகத்தைப் பார்த்தபடி, சூரியன்.

இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன.

யார் இந்த க்ளோட்?

இயற்பெயர் க்ளோட் ஜெல்லே. இன்று பிரான்சில் இருக்கும் லொரேன் பகுதியில், ஷமாய்ன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்போது லொரேன் தனிச் சிற்றரசு. அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. சிறு வயதில் பேஸ்ட்ரி செய்யும் தொழிலில் இருந்தார் என்று அவருடைய நண்பரும் ஜெர்மானிய ஓவியருமான சான்ட்ரார்ட் எழுதிவைத்திருக்கிறார். ரோமுக்கு வந்து அகொஸ்தினோ தாஸ்ஸி என்ற ஓவியரிடம் வேலை கற்றார். இடையில் கொஞ்ச காலம் சொந்த நாட்டுப் பக்கம் போய்வந்ததைத் தவிர, 1682இல் இறக்கும்வரை ரோம்தான் அவருடைய ஊர்.

சான்ட்ரார்ட் சொல்லும் இன்னொரு செய்தி நமக்கு முக்கியம். விடிவதற்கு முன்பே க்ளோட் ஊருக்கு வெளியே வயல்வெளிக்குப் போய்விடுவாராம். கிழக்கு வெளுப்பதையும், பிறகு மாலையில் ஒளி வடிவதையும் அங்கேயே கிடந்து பார்ப்பாராம். கண்ட நிறத்தை மனதில் நிறுத்தி, அதற்கேற்ப வண்ணம் குழைத்து, வீட்டுக்கு ஓடிவந்து கித்தானில் இடுவாராம். இந்த மனிதர் துறைமுகத்தை வரைந்தால் அதில் கப்பலைவிடப் பொழுதுக்குத்தான் முதலிடம் இருக்கும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

இது எந்த ஊர்த் துறைமுகம்?

எந்த ஊருமில்லை. ஒரு துறைமுகத்தைப் பார்த்து வரைந்ததுபோலத் தோன்றினாலும், இப்படியொரு இடம் பூமியில் கிடையாது. ரோமானியத் தூண், மறுமலர்ச்சிக் கால அரண்மனை, 17ஆம் நூற்றாண்டுக் கப்பல் என்று வெவ்வேறு காலத்துப் பொருள்களை ஒரே கரையில் நிறுத்தியிருக்கிறார். க்ளோட்டுக்கு இது பழகிய வேலை. 1637இல் மெடிசி குடும்பத்துக் கார்டினல் ஒருவருக்காக வரைந்த துறைமுக ஓவியத்தில், ரோம் நகரின் பின்சியோ குன்றில் இருக்கும் வில்லா மெடிசி மாளிகையைப் பெயர்த்துக் கொண்டுவந்து கடற்கரையில் வைத்துவிட்டார். அந்த ஓவியம் இப்போது பிளாரன்சில் உஃபிட்சி காட்சியகத்தில் இருக்கிறது. ரோமை அறிந்தவர்கள் அதைப் பார்த்தவுடன் மாளிகையை அடையாளம் கண்டிருப்பார்கள். கடலை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று வியந்தும் இருப்பார்கள்.

ஆகவே வரைபடத்தை விரித்து ஊரைத் தேட வேண்டாம். துறைமுகம் என்ற எண்ணத்துக்கு ஓர் உருவம் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

சேபா அரசியின் கதை என்ன? அவள் ஒட்டகத்தில் அல்லவா போனாள்?

சரியாகப் பிடித்தீர்கள். விவிலியத்தில் முதலாம் இராஜாக்கள் 10ஆம் அதிகாரத்தில் வரும் கதை இது. சாலொமோனின் ஞானத்தைக் கேள்விப்பட்ட ‘சேபாவின் ராஜஸ்திரீ’, விடுகதைகளால் அவரைச் சோதித்துப் பார்க்க எருசலேமுக்கு வருகிறாள். கந்தவர்க்கமும் பொன்னும் இரத்தினமும் சுமந்த ஒட்டகங்கள் உடன் வருகின்றன. அவள் கப்பலில் போனதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை.

மற்ற ஓவியர்கள் பெரும்பாலும் அவள் எருசலேமில் போய்ச் சேர்ந்த காட்சியை வரைந்தார்கள். சிம்மாசனத்தில் ராஜா, எதிரே அரசி, பரிசுப் பொருள்கள், இருபுறமும் அரசவை. கதையின் உச்சம் அதுதானே. க்ளோட் அந்த உச்சத்தை விட்டுவிட்டு, கதை தொடங்குவதற்கு முந்தைய நொடியைப் பிடித்துக்கொண்டார். சாலொமோன் இன்னும் கடலுக்கு அப்பால்தான் இருக்கிறார். விடுகதை ஒன்றும் இன்னும் கேட்கப்படவில்லை. அவர் ஞானியா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. படியிறங்கும் ஒரு பெண்ணும் அவள் முன்னால் திறந்து கிடக்கும் நீர்வெளியும்தான் இருக்கின்றன. க்ளோட் ஒட்டகத்தைக் கப்பலாக மாற்றியது கவனக்குறைவால் என்று நான் நினைக்கவில்லை. கடல் இல்லாமல் இந்தப் புறப்பாட்டைச் சொல்ல அவருக்கு வழியில்லை.

அதே அதிகாரத்தில் தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. சாலொமோனின் கப்பல்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொன்னும் வெள்ளியும் தந்தமும் குரங்கும் மயிலும் கொண்டுவந்தன என்று வருகிறது. அங்கே மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் நம் ‘தோகை’யிலிருந்து போயிருக்கலாம் என்று கால்டுவெல் முதலானவர்கள் கருதினார்கள். ஓவியத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் அந்தப் படித்துறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்துவிடுகிறது.

அரசிதான் நாயகி என்றால் ஏன் இத்தனை சிறியவளாக இருக்கிறாள்?

அந்தக் காலத்து ஓவிய உலகில் ஒரு வரிசை இருந்தது. புராண, வரலாற்றுக் காட்சிகளை வரைபவர் மேலே. மலையும் மரமும் கடலும் வரைபவர் கீழே. வெறும் கடலை வரைந்தால் அது பெரிய மனிதர்களின் கூடத்துக்கு ஏறாது. ஒரு புனிதக் கதையைச் சேர்த்தால் ஏறும். க்ளோட்டின் சிறு மனிதர்களை இந்தக் கணக்கோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘நிலக்காட்சியைத்தான் விற்கிறேன், மனிதர்களை இலவசமாகத் தருகிறேன்’ என்ற பொருளில் அவர் சொல்லுவாராம். அவருடைய வரலாற்றை எழுதிய பால்தினுச்சி குறித்துவைத்த செய்தி இது.

அதற்காக மனிதர்கள் வெறும் ஒப்புக்கு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கட்டடங்களின் விளிம்புக் கோடுகளும் படிகளின் கோடுகளும் கண்ணை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று பாருங்கள். சுற்றி வந்து மறுபடியும் அந்தப் படிக்கட்டுக் கூட்டத்தில்தான் நிற்கும். நிறமும் அப்படியே. மொத்த ஓவியமும் பொன்னும் சாம்பலும் மங்கிய நீலமுமாக இருக்கையில், அவளுடைய உடையில் மட்டும் தெளிவான சிவப்பும் நீலமும். உருவத்தில் சிறியவளை இடத்தாலும் நிறத்தாலும் பெரியவளாக்கியிருக்கிறார். அவ்வளவு பெரிய வானத்தின் கீழே ஓர் அரசியும் சிறு உருவம்தான் என்பதும் சேர்ந்தே தெரிகிறது.

இது காலையா, மாலையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அசையாத ஒரு படத்தில் உதிக்கும் சூரியனையும் மறையும் சூரியனையும் வெறும் கண்ணால் பிரித்தறிய உறுதியான வழி கிடையாது. நாம் ஒவ்வொருவரும் நம் ஊரை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

மெரினாவிலோ நாகப்பட்டினத்திலோ வளர்ந்தவருக்குக் கடலில் சூரியன் என்றால் காலைதான். யோசிக்கவே தேவையில்லை. ஆனால் க்ளோட் வாழ்ந்த ரோமுக்குக் கடல் மேற்கே இருக்கிறது. ஓஸ்தியாக் கரையில் நிற்பவர் கண்ணுக்குச் சூரியன் கடலில் விழுவதுதான் அன்றாடக் காட்சி. நம் சங்க மரபிலும் கடல் சார்ந்த நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் வேளை. தலைவி கரையில் காத்திருந்து கலங்கும் நேரம். கீழைக்கடற்கரையில் பிறந்த கண்ணும் நெய்தல் படித்த மனமும் உள்ள தமிழ் வாசகர் இந்த ஓவியத்தின் முன்னால் இரண்டு பக்கமும் இழுபடலாம்.

அப்படியானால் விடை எது? ஓவியம் தரும் தடயங்களைப் பார்க்க வேண்டும். ஆட்கள் சாமான் ஏற்றுகிறார்கள், இறக்கவில்லை. அரசி மாளிகையை விட்டு வெளியே வருகிறாள். பாய்மரக் கப்பல் காலத்தில் அதிகாலை புறப்பாட்டுக்கு உகந்த நேரம். இரவில் தரை கடலைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும். அதனால் விடியும்போது காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும், கப்பலைத் துறையிலிருந்து வெளியே தள்ளிக் கொடுக்கும். விடியலுக்கு முன் கடலுக்குப் போகும் நம் மீனவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒளியின் நிறமும் சேர்ந்துகொள்கிறது. அந்தி வேளைத் துறைமுகங்களை க்ளோட் சூடான செம்மஞ்சளில் குளிப்பாட்டுவார். இங்கே வெள்ளி கலந்த இளமஞ்சள், மேலே தெளிந்த நீலம். நேஷனல் கேலரியும் இதைக் காலைக் காட்சியாகத்தான் கொள்கிறது. நானும் அப்படியே.

மேற்குக் கடலோரத்தில் வாழ்ந்துகொண்டு, கடலிலிருந்து எழும் சூரியனை அவர் வரைந்திருக்கிறார் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன். வயல்வெளியில் பார்த்த விடியலை எடுத்துக் கடல்மேல் விரித்திருக்க வேண்டும்.

சூரியனையே படத்துக்குள் வைத்தது அப்படி என்ன பெரிய காரியம்?

பெரிய காரியம்தான், அதைச் செய்துபார்த்தவர்களுக்குத் தெரியும். ஓவியர்கள் அதுவரை பெரும்பாலும் சூரியனைத் தங்கள் முதுகுக்குப் பின்னாலோ சட்டத்துக்கு வெளியிலோ வைத்துக்கொண்டார்கள். ஒளி வந்து விழும் பொருளை வரைவார்கள், ஒளியின் மூலத்தை வரையமாட்டார்கள். க்ளோட் 1630களிலிருந்து தன் துறைமுக ஓவியங்களில் சூரியனையே நடுவில் கொண்டுவந்து, காட்சி முழுவதற்கும் அதையே விளக்காக்கினார்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், வண்ணம் தானாக ஒளிராது. கித்தானில் இடக்கூடிய உச்ச வெளிச்சம் வெள்ளை வண்ணத்தின் வெளிச்சம்தான். அதுவோ அறையில் இருக்கும் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது, அவ்வளவே. கண் கூசும் சூரியனை அதை வைத்து எப்படிக் காட்டுவது? சூரியனைப் பிரகாசமாக்க முடியாது என்றால், மற்ற எல்லாவற்றையும் ஒரு படி தாழ்த்த வேண்டும். க்ளோட் செய்தது அதைத்தான். நமக்கு எதிரே சூரியன் இருப்பதால் கட்டடங்களின் நம் பக்கத்து முகம் நிழலில் இருக்கிறது. முன்னால் இருக்கும் படகுகளும் ஆட்களும் கறுப்போடு கலந்த பழுப்பு. உள்ளே போகப் போக ஒவ்வொரு பொருளும் கொஞ்சம் வெளுக்கிறது, கொஞ்சம் கரைகிறது. கடைசியில் தூரத்துக் கப்பல்கள் பனிமூட்டத்தில் வரைந்த கோடுகள்போல ஆகிவிடுகின்றன. இருட்டிலிருந்து கிளம்பி நடந்த கண்ணுக்கு அங்கே போய்ச் சேரும்போது வெறும் வெள்ளையும் மஞ்சளும் கூசும் ஒளியாகத் தெரிகிறது.

வானத்தை அருகே போய்ப் பார்த்தால் ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும் இடங்களைத் தன் விரல் நுனியாலும் உள்ளங்கையாலுமே தேய்த்து மென்மையாக்கியிருக்கிறார். கைத்தடங்கள் வண்ணத்தில் பதிந்திருக்கின்றன. முந்நூற்று எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மனிதனின் உள்ளங்கை அந்த வானத்தில் இருக்கிறது என்பதை முதலில் அறிந்தபோது என்னால் கொஞ்ச நேரம் வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

நீரையும் பாருங்கள். சூரியனிலிருந்து நம்மை நோக்கி ஒரு பளபளப்பான பாதை வருகிறது. கடல் சமமான கண்ணாடியாக இருந்தால் ஒரே ஒரு பிரதிபலிப்புதான் தெரியும். சிற்றலைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு கோணத்தில் சாய்ந்திருப்பதால், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு துண்டுச் சூரியனைக் காட்டுகிறது. அவை எல்லாம் சேர்ந்து பாதையாகின்றன. கடற்கரையில் நீங்கள் எங்கே நகர்ந்தாலும் அந்தப் பாதை உங்களிடமே வரும். ஓவியத்தில் அது நம் கால்வரை வருவதால், படம் நம்மையும் கரையில் நிறுத்திவிடுகிறது.

இடப்பக்கத் தூண்கள் கறுப்பாக, வேலை முடியாததுபோல இருக்கின்றனவே?

வேண்டுமென்றே வைத்த இருட்டு. நாடக மேடையின் இரு ஓரங்களிலும் தட்டிகள் நிற்குமே, அவற்றின் வேலையைத்தான் இந்தத் தூண்கள் செய்கின்றன. பார்வை பக்கவாட்டில் வழிந்து போகாமல் தடுத்து உள்ளே தள்ளும். பக்கத்தில் கறுப்பு இருப்பதால் நடுவில் இருக்கும் வெளிச்சம் கூடித் தெரியும். இடப்பக்கம் இருண்ட தூண், வலப்பக்கம் ஒளி தொட்ட மாளிகை என்று தராசுபோல எடை பிரித்திருக்கிறார். தூண்களுக்கு இடையே பாதி மறைந்து ஒரு கப்பலும் தெரியும். அரசி ஏறப்போவது அதுவா, அடிவானத்தருகே நிற்கும் மற்றொன்றா என்று பார்ப்பவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய தூணும் புதிய மாளிகையும் பக்கத்தில் பக்கத்தில். இது பிழையா?

சாலொமோன் காலத்தில் ரோமே கிடையாது. அதை க்ளோட் அறியாதவர் அல்ல. அவர் தெருவில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது என்ன? ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழைய தூண்கள், அவற்றை ஒட்டியே புதிதாக எழும் அரண்மனைகள், இரண்டுக்கும் நடுவே மேயும் மாடுகள். ரோமின் பழைய மன்றம் அப்போது மாட்டு மேய்ச்சல் தரையாகவே பெயர் பெற்றிருந்தது. காலங்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் ஊரில் வாழ்ந்தவருக்குப் பழமை இப்படித்தான் இருக்கும்.

உண்மையான துறைமுகத்தின் அழுக்கும் உழைப்பும் எங்கே?

இல்லை. இது இந்த ஓவியத்தின் குறைதான், நான் மறைக்க விரும்பவில்லை. 17ஆம் நூற்றாண்டு மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் தார் நாறும், மீன் நாறும். போப்பின் போர்ப்படகுகள் நின்ற சிவிதவெக்கியாவில் அடிமைகளும் தண்டனைக் கைதிகளும் துடுப்பு வலித்தார்கள். அதில் ஒரு துளியும் இங்கே வரவில்லை. சுமை தூக்குபவர்கள்கூட அழகாக வளைந்து தூக்குகிறார்கள். வரையச் சொல்லிப் பணம் தந்தவர்கள் பிரபுக்கள், கார்டினல்கள், தளபதிகள். அவர்கள் வீட்டுச் சுவருக்கு எது வேண்டியிருந்ததோ அது வந்திருக்கிறது. ஒளியை இவ்வளவு நேர்மையாகப் பார்த்த கண், முதுகொடியும் ஆளைப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அந்த வருத்தத்தோடுதான் இந்த ஓவியத்தை நேசிக்கிறேன்.

யாருக்காக வரைந்தார்? தனியாகவா, ஜோடியாகவா?

புய்யோன் பிரபுவுக்காக. போப்பின் படைக்குத் தலைமை தாங்க ரோமுக்கு வந்திருந்த பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுத் தளபதி த்யுரேனின் அண்ணன். அவருக்காக வரைந்தது என்பதை ஓவியத்திலேயே எழுதிவைத்திருக்கிறார் க்ளோட்.

இதற்கு ஒரு ஜோடி உண்டு. அதுவும் 1648, அதுவும் அதே பிரபுவுக்கு, அதுவும் இப்போது அதே காட்சியகத்தில். ஈசாக்குக்கும் ரெபெக்காளுக்கும் நடக்கும் திருமணம், ஒரு பெரிய நிலக்காட்சிக்குள். ஓரத்தில் ஒரு நீர் ஆலை இருப்பதால் ‘ஆலை’ என்றே அதைச் சொல்வதுண்டு. ஒன்றில் கல்லும் கடலும் புறப்பாடும். மற்றதில் மரமும் ஆறும் கூடி ஆடும் மக்களும். ரெபெக்காளும் தன் ஊரை விட்டுத் தொலைதூரம் பயணம் செய்து ஈசாக்கிடம் வந்தவள்தான். ஒருத்தி கிளம்புகிறாள், ஒருத்தி வந்து சேர்ந்துவிட்டாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடுவில் இருக்கும் பயணத்தை நாம்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

போலிகள் இல்லை என்று எப்படி உறுதி?

க்ளோட்டே ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெயர் பரவியதும் அவரைப்போலவே வரைந்து விற்க ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஆகவே 1635 வாக்கிலிருந்து, முடித்த ஓவியங்களை ஒரு குறிப்பேட்டில் சிறு சித்திரமாகப் பதிந்துவைத்தார். ‘உண்மையின் புத்தகம்’ என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற அந்தத் தொகுப்பு இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஏறத்தாழ இருநூறு சித்திரங்கள்.

ஆங்கில ஓவியர் டர்னரின் பெயர் ஏன் இந்த ஓவியத்தோடு சேர்ந்தே வருகிறது?

இந்த ஓவியம் லண்டனில் ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன் என்ற வணிகரிடம் இருந்தது. கப்பல் காப்பீட்டில் செல்வம் சேர்த்தவர். கடலுக்குப் போகும் கப்பல் திரும்புமா என்பதே தொழிலாக இருந்தவரின் சுவரில், கடலுக்குப் புறப்படும் ஓர் ஓவியம்! அவர் இறந்தபின் 38 ஓவியங்களை பிரிட்டிஷ் அரசு 57,000 பவுண்டுக்கு வாங்கியது. 1824இல் அவற்றை வைத்துத்தான் நேஷனல் கேலரி தொடங்கியது. சேபா அரசியின் பட்டியல் எண் 14.

இளம் டர்னர் ஆங்கர்ஸ்டைன் வீட்டில் க்ளோட்டின் சேபா அரசியைப் பார்த்துக் கண்கலங்கி நின்றார் என்று சொல்லப்படுகிறது. இப்படி என்னால் ஒருநாளும் வரைய முடியாது என்ற ஏக்கமாம். 1815இல் அவர் பதில் எழுதினார், வண்ணத்தால். ‘டைடோ கார்த்தேஜ் நகரை எழுப்புகிறாள்’ என்ற ஓவியம் அது. டைடோ, பழங்கதைப்படி அந்த நகரை நிறுவிய அரசி. அதே அமைப்பு. இருபுறமும் கட்டடம், நடுவே நீர், எதிரே சூரியன். ஆனால் டர்னரின் சூரியன் தடித்துக் கொதிக்கிறது. கரையில் சிறுவர்கள் பொம்மைக் கப்பல் விடுகிறார்கள், எழப்போகும் கடல் வல்லரசின் முன்னறிவிப்பாக. எதிர்க்கரையில் டைடோவின் இறந்த கணவனுக்குக் கல்லறை. க்ளோட் ஒரு காலைப்பொழுதோடு நிறுத்திக்கொண்ட இடத்தில், டர்னர் ஒரு நகரத்தின் தொடக்கத்தையும் அழிவையும் சேர்த்தே வைத்துவிட்டார்.

அந்த ஓவியத்தை அவர் விற்கவே இல்லை. தன் உயிலில் நாட்டுக்கு எழுதிவைத்தார், ஒரு நிபந்தனையோடு: தன் ஓவியங்கள் இரண்டை க்ளோட்டின் இந்த ஜோடிக்கு அருகில் மாட்ட வேண்டும். 1851இல் டர்னர் இறந்தார். அந்த வேண்டுகோளை நேஷனல் கேலரி நிறைவேற்றியது.

இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் க்ளோட் பக்கம் நிற்பேன். டர்னரின் ஒளி நம்மைத் தாக்குகிறது. க்ளோட்டின் ஒளி காத்திருக்கிறது.

இந்தப் பழக்கத்தை வைத்து வேறு துறைமுக ஓவியங்களைப் படிக்க முடியுமா?

முடியும். முயன்று பார்க்க க்ளோட்டின் ‘புனித உர்சுலா கப்பலேறுதல்’ நல்லது. 1641இல் வரைந்தது, அதே காட்சியகம். சேபா அரசிக்கு முன்மாதிரி என்றே சொல்லலாம். படிக்கட்டில் பெண்கள் வரிசையாக இறங்குகிறார்கள், கையில் வில்லும் அம்பும். வேட்டைக்கா போகிறார்கள்? இல்லை. கதைப்படி உர்சுலாவும் அவளுடன் சென்ற கன்னியரும் கொலோன் நகரில் கொல்லப்பட்டார்கள். தங்களைக் கொல்லப்போகும் ஆயுதத்தைத் தாங்களே ஏந்திப் படியிறங்குகிறார்கள். கதை தெரியாமல் பார்த்தால் அது இதமான ஒரு காலைப்பொழுது. தெரிந்து பார்த்தால் அதே இதம் தாங்க முடியாததாகிவிடுகிறது. ஒளி மாறவில்லை, நாம்தான் மாறியிருக்கிறோம். அதனால் என் முறை இதுதான்: முதலில் பொழுதைப் பார்ப்பேன், பிறகு யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று பார்ப்பேன், கதையைக் கடைசியில் தேடிப் படிப்பேன், படித்துவிட்டு மறுபடியும் பொழுதுக்குத் திரும்புவேன்.

லண்டன் போக முடியாதவர்கள் என்ன செய்வது?

காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். கைப்பேசியைவிடக் கணினித் திரை நல்லது. அறையில் விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் அரசியின் முகத்துக்குப் பாயாதீர்கள். இடப்பக்கத் தூணின் அடியில், கறுப்பான மூலையில் தொடங்குங்கள். அந்த இருட்டுக்குக் கண் பழகியதும் நீரின் பளபளப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே போங்கள், ஒவ்வோர் அலையாக, ஒவ்வொரு கப்பலாக. அடிவானத்தை எட்டும்போது சூரியன் எத்தனை கூசுகிறது என்று பாருங்கள். அதன்பின் படிக்கட்டுக்கு வாருங்கள். அவள் இன்னும் படகில் கால் வைத்திருக்கமாட்டாள்.